சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்துக்கு முழு வீச்சு ஒலிபெருக்கி: ஆலோசனை தேவை

வணக்கம். 4.2 x 3.3 மீட்டர் கூடம், கான்கிரீட் சுவர், பளிங்குத் தரை. சுவர்களுக்கு இடையே ஒலி எதிரொலித்து, நீளவாக்கில் 41 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 52 ஹெர்ட்ஸ் அடியொலி இரைகிறது. இதற்கு மேல் பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டி (அடியொலியைக் கூட்டக் குழாய்த்துளை, அதாவது போர்ட், உள்ளது) வைத்தால் தவில் எல்லாம் ஒரே 'டம்'தான்.

பெட்டியின் முகப்பைப் பின்சுவரிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தள்ள முடியாது. அந்த இடைவெளியில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை வெட்டிவிடும். ஆண் குரலின் கனம் போவது அங்கேதான். விலை கூடிய பெட்டி வாங்கினாலும் இது மாறாது.

பட்ஜெட் 15,000 வெள்ளி. பார்வையில் இரண்டு: துளையில்லாத மூடிய பெட்டியான ஏடிசி எஸ்சிஎம்40, கேஇஎஃப் ரெஃபரன்ஸ் 1 மெட்டா. பின்னதில் போர்ட் குழாயைக் குட்டையாகவோ நீளமாகவோ மாற்றலாம்; ஆனால் ஸ்டாண்டு தனிச்செலவு. ஏடிசியின் உணர்திறன் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 85 டெசிபல்தான், 100 வாட் ஆம்ப் திணறுமா?

அடெல்ஃபி கட்டடத்து ஆடியோ கடைகளில் கேட்பது சரி, ஆனால் அங்குள்ள அறை வேறு, நம் கூடம் வேறு. வீட்டில் இரண்டு நாள் வைத்துக் கேட்க விடும் கடை எது? இரண்டையும் இதே அளவு அறையில் கேட்டவர்கள், மிருதங்கத்தின் தொப்பியும் தம்புராவின் மேல்சுரங்களும் எப்படி இருந்தன என்று சொல்லுங்கள். சப்வூஃபர் (அடியொலிக்கான தனிப் பெட்டி) யோசனை வேண்டாம், கீழ்வீட்டில் கைக்குழந்தை.

பழைய பெட்டி விற்பவர்கள் கூம்பின் விளிம்பு ரப்பரா ஃபோமா என்று எழுதுங்கள். நம்மூர் ஈரத்தில் ஃபோம் பொடிந்துவிடும்.