புரை ஆபரேஷனுக்குக் கண்ணில் ஊசி போடுவார்களா?

கேள்வி (போச்சம்பள்ளி):
அப்பாவுக்குப் புரை முற்றிவிட்டது. மாமரத்தில் காய் எது இலை எது என்றே தெரியவில்லை என்கிறார். ஆனாலும் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். பெரியப்பா வேறு "கண்ணுக்குள்ளேயே ஊசி குத்துவாங்க" என்று கிளப்பிவிட்டார். சிலருக்குச் சொட்டு மருந்தே போதுமாமே, அது வலி தாங்குமா? அப்பாவுக்குக் காது மந்தம், பீடி இருமலும் உண்டு.

பதில் (தர்மபுரி, கண் தியேட்டர் நர்ஸ்):
ஊசி விழிக்குள் போகாது தம்பி. கீழ் இமைப் பக்கமாக, விழிக்கும் எலும்புக்கும் நடுவில் போடுவது. அதில் லிக்னோகெயின், புபிவகெயின் என்ற இரண்டு மரக்கவைக்கும் மருந்துகள் கலந்திருக்கும். சுருக்கென்று குத்தும், அப்புறம் ஓர் அழுத்தம். மருந்து பரவுவதற்காகக் கொஞ்ச நேரம் கண்ணை அமுக்கி வைப்போம். பிறகு விழி அசையாது, இமையைத் தூக்க வராது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

சொட்டு மருந்தும் நேற்று வந்ததில்லை. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெயின் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கவைத்தார், லோக்கல் அனஸ்தீசியா தொடங்கியதே அங்கேதான். இப்போது பாராகெயின் விடுகிறோம். புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கிற பேக்கோ முறையில் வெட்டு 3 மி.மீ.க்கும் குறைவு என்பதால் பலருக்கு அது போதும். தொடுவது தெரியும், தண்ணீர் சில்லென்று ஓடுவதும் தெரியும். ஆனால் விழி அசையும். "லைட்டையே பாருங்க" என்றால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது மந்தமானவர் "என்னம்மா?" என்று தலையைத் திருப்பினால் வம்பு! முற்றிய புரைக்கு வெட்டும் பெரிதாகலாம். என்னைக் கேட்டால் உங்கள் அப்பாவுக்கு ஊசிதான் தோது. முடிவு டாக்டருடையது.

இருமலை ஊசி நிறுத்தாது. முன்னாடியே சொல்லிவிடுங்கள். வரும்போல இருந்தால் கையைத் தூக்காமல் வாயால் சொன்னால் போதும், டாக்டர் கருவியை வெளியே எடுத்துவிடுவார். சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா? அது கண் பாப்பாவைச் சரியாக விரியவிடாது, அவசியம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில் (காவேரிப்பட்டணம்):
எனக்கு ஒரு கண் ஊசியில், இன்னொன்று சொட்டில். ஊசி போட்ட கண்ணே தேவலை, குத்தின பிறகு ஒன்றும் தெரியவில்லை. சொட்டில் முதலில் அந்த லைட்தான் கூசியது. முகத்தில் துணி போட்டதும் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. நர்ஸம்மா துணிக்கு அடியில் ஆக்சிஜன் குழாய் வைத்த பிறகு சரியானது.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்பாவுக்கு எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. "நடுவுல இருமினா திட்டுவாங்களா?" என்கிறார்.

நர்ஸ்:
திட்டமாட்டோம். சொல்லாமல் இருமினால்தான்.