ஊராட்சித் தலைவர் தேர்தல்: 14 பேரை வெச்சு 800 வீடு சுத்தறது எப்படிங்க?

இட்டேரி கேட்டது:

வணக்கமுங்க. ஊத்துக்குளி பக்கம் ஒரு ஊராட்சி. 9 வார்டு, சுமார் 2,400 ஓட்டு. ஊரு, காலனி, குடித்தெரு எல்லாம் சேர்த்து 500 வீடு. மீதி 300 வீடும் தோட்டத்துச் சாளைங்க, ஒண்ணுக்கொண்ணு கால் மைல் தள்ளித் தள்ளி இருக்கும்.

தலைவர் பதவிக்கு ஊர்ல ஒரு அக்கா நிக்கறாங்க. கட்சி ஆதரவு, பணம் ரெண்டும் இல்லை. கூட நிக்கறது 14 பேர், அதுல 6 பேர் பொம்பளைங்க. எல்லாருக்கும் வேலை இருக்கு, பொழுதோட 6 மணிக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும்தான் கைக்கு வருவாங்க. ஆளை எப்படிப் பிரிக்கறது, தோட்டத்து வீட்டுக்கு எப்பப் போறது, சனங்க சொல்றதை எப்படிக் குறிச்சு வைக்கறது, ஓட்டன்னிக்கு என்ன பண்றது, இதைத்தான் தெரிஞ்சுக்கணும். மைக் செட்டு, கூட்டம் பத்தி வேண்டாங்க.

---

கிளுவைவேலி எழுதியது:

தம்பி, முதல்ல நாள் கணக்கைப் பாருங்க. 2019 டிசம்பர்ல நம்ம மாவட்டங்களுக்கு நடந்த தேர்தலை எடுத்துக்குங்க. வேட்பு மனுவைத் திரும்ப வாங்க 19-ந் தேதி கடைசி. சின்னம் அதுக்கப்புறந்தான் தெரியும். முதல் கட்ட ஓட்டுப்பதிவு 27-ந் தேதி. 48 மணி நேரத்துக்கு முன்னாலயே வாயை மூடிக்கணும், அப்படின்னா 25-ந் தேதி பொழுதோட 5 மணிக்குப் பிரசாரம் முடிஞ்சது. சின்னத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓட்டுக் கேக்க ஆறே நாள்தான். தலைவர், வார்டு உறுப்பினர் ரெண்டும் கட்சிச் சின்னம் இல்லாத பதவிங்கறதால முன்கூட்டியே சின்னம் சொல்லவும் வழியில்லை.

இப்ப உங்க ஆள் கணக்கு. ரெண்டு ரெண்டு பேரா 7 சோடி. ஊருக்குள்ள ஒரு வீட்டுக்கு 6 நிமிஷம்னு வெச்சா, 6 மணியில இருந்து எட்டரைக்குள்ள ஒரு சோடி 25 வீடு முடிக்கும். 500 வீடு மூணு பொழுதுல முடிஞ்சுரும். தோட்டம் அப்படி இல்லை. மார்கழிப் பொழுது 6 மணிக்கே இருட்டிரும், இருட்டுல இட்டேரிக்குள்ள, அதான் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தோட்டத்துத் தடத்துக்குள்ள, போகாதீங்க. நாய் அவுத்து விட்டிருப்பாங்க, வீட்டுல பெரியவங்க மட்டும் இருந்தா கதவும் திறக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வெடியால பால் சொசைட்டிக்கு ஊத்திட்டுத் திரும்பினப்புறம், 7 மணியில இருந்து 10 மணி வரைக்கும்தான் சரியான நேரம். அந்த மூணு மணி நேரத்துல ஒரு சோடி 12 வீடு பார்த்தாப் பெரிசு. 7 சோடிக்கு 84. அப்ப 300 வீட்டுக்கு நாலு ஞாயிறு வேணும்.

அதனால தேதி அறிவிக்கட்டும்னு காத்திருந்தா தோட்டத்து ஓட்டு உங்களுக்கு இல்லைன்னே வெச்சுக்கலாம். முதல் சுத்தைச் சின்னம் இல்லாமலே முடிச்சுருங்க. "இந்த அக்கா நிக்கறாங்க, உங்க தடத்துக்கு என்ன வேணும்"னு கேக்கறதோட சரி. சின்னம் வந்தப்புறம் ஆறு நாள்ல ரெண்டாம் சுத்து.

ரெண்டாம் சுத்துல தோட்டத்துக்கு நீங்க 14 பேரே போக முடியாது. ஒவ்வொரு தடத்துலயும் 10 வீட்டுக்கு ஒருத்தர்னு 30 பேரை முதல் சுத்துலயே பிடிச்சு வைக்கணும். அவங்க பிரசாரத்துக்கு வர வேண்டியதில்லை. சின்னம் போட்ட நோட்டீசை அக்கம்பக்கத்து 10 சாளைக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும், ஓட்டன்னிக்கு அந்த 10 வீட்டை ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதான். யாரைக் கேக்கறதுன்னா, பால் ஊத்தப் போறவங்க, ஒரே போர்வெல் தண்ணியைப் பங்கு போட்டுக்கறவங்க, மகளிர் குழுவுக்குப் பணம் வசூல் பண்றவங்க. இவங்க எப்படியும் தினம் நாலு வாசல் மிதிக்கறவங்க.

ஓட்டர் பட்டியல் விஷயம். மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாப் பிரிச்சுத் தருது. 2025 நவம்பர்ல தொடங்கின தீவிரத் திருத்தத்துக்கு முந்தின பட்டியல் கையில இருந்தா தூக்கிப் போட்டுருங்க. புதுசை வாங்கி, கடைசிப் பக்கத்துல இருக்கற துணைப் பட்டியலையும் சேர்த்து வெச்சுக்குங்க. நிறையப் பேர் அதை விட்டுருவாங்க, புதுசாச் சேர்ந்த பசங்க எல்லாம் அதுலதான் இருப்பாங்க. பேரு இல்லாதவங்களுக்குப் படிவம் 6, வீடு மாறினவங்களுக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8, இப்பவே போடுங்க.

பட்டியலை அப்படியே எடுத்துக்கிட்டு நடக்கக் கூடாது. அது கதவு எண் வரிசையில இருக்கும். ஒரே இட்டேரியில எதிரெதிரா இருக்கற ரெண்டு சாளை வேற வேற வார்டுல வரும். 9 வார்டுப் பட்டியலையும் முன்னால வெச்சு, தடம் வாரியா வெட்டி ஒட்டித் தனித்தாள் பண்ணுங்க. ஒரு தாளுக்கு 12 வீடு, அதுக்கு மேல வேண்டாம். தாளோட தலைப்புல தடத்தோட பேரு, எந்த டிரான்ஸ்பார்மர்ல இருந்து எந்தக் கிணறு வரைக்கும்னு எல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டத்தோட வழக்குப் பேரு, ஓட்டர் வரிசை எண், பக்கத்துல நாலு கட்டம்.

இதைச் செய்யறப்பவே கட்டிக் கொடுத்துப் போன பொண்ணுங்க பேரு, காலமானவங்க பேரு, வெளியூர்லயே தங்கிட்டவங்க பேரு எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுரும். அவங்களைக் கழிச்சுட்டு மிச்சம் எத்தனைன்னு பாருங்க. அதுதான் உங்க நிஜக் கணக்கு, 2,400 இல்லை.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். காலனிக்குக் கடைசி நாள் போயி வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வர்றது நம்ம பக்கத்துல பழகிப் போச்சு. அது தப்பு, பிரசார முறையாவும் தப்பு. முதல் நாளே போங்க. அக்காவே போகணும், உக்காந்து பேசணும், குடுக்கற தண்ணியைக் குடிக்கணும். அந்தத் தெருப் பொறுப்பு அந்தத் தெருக்காரங்க கையிலதான் இருக்கணும்.

---

தறிச்சத்தம் எழுதியது:

அண்ணன் சொன்ன நேரக் கணக்குல ஒரு திருத்தமுங்க. பனியன் கம்பெனிக்குப் போறவங்க வெடியால வேன் ஏறினா ராத்திரி எட்டரைக்கு மேலதான் வீடு. நீங்க 6 மணிக்குப் போனா அந்த வீட்டுல மாமியார், குழந்தைங்க மட்டும்தான் இருப்பாங்க. "சொல்லிர்றேங்க"ன்னு சொல்லுவாங்க, சேதி போய்ச் சேராது. அந்த வீடுகளைத் தாள்ல தனியா வட்டம் போட்டு, ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு மேல வெச்சுக்குங்க. வெடியால துணி துவைக்கற நேரத்துல போனா எரிச்சல்தான் வரும். தறிக்காரங்களுக்கு வாராவாரம் பகல் சிப்டு, ராத்திரி சிப்டு மாறும். இந்த வாரம் ஆள் இல்லைன்னா அடுத்த வாரம் அதே நேரத்துக்கு இருப்பாங்க.

கட்டத்துல என்ன எழுதறதுன்னு கேட்டீங்க. நாலே குறிதான்: நம்மது, பாக்கலாம், அங்க, ஆள் இல்லை. எழுத்துல எழுதாதீங்க, 1, 2, 3, 4-ன்னு போடுங்க. அந்தத் தாள் டீக்கடையில விழுந்து "எங்க வீட்டுக்கு 3 போட்டிருக்காங்க"ன்னு தெரிஞ்சா தேர்தல் முடிஞ்சும் பகை தீராது. எண்ணுக்கு என்ன அர்த்தம்கறது எந்தத் தாள்லயும் இருக்கக் கூடாது. தினம் ராத்திரி 9 மணிக்குத் தாளை ஒரே ஆள்கிட்ட ஒப்படைக்கணும், அவர் மட்டும் பெரிய நோட்டுல ஏத்தணும். வாட்ஸப்புல படம் எடுத்துப் போடறது வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு. முதல் சுத்து முடிஞ்சதும் கணக்குப் பார்த்தா எல்லாத் தாள்லயும் முக்கால்வாசி 1-ஆ இருக்கும். நம்பாதீங்க. நம்மூர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. "ஆகட்டுங்க", "நீங்க சொல்லோணுமா", "பாத்துக்கலாங்க", மூணுமே 2-தான். அவங்களா முன்வந்து ஒரு காரியம் சொன்னாத்தான் 1. "என்ற தம்பி வீட்டுலயும் சொல்றேன்", "நோட்டீஸ் இன்னும் நாலு குடுங்க", "பூத்துல உக்கார நான் வர்றேன்", இந்த மாதிரி. சந்தேகம் இருந்தா 2. ரெண்டாம் சுத்துல 2 போட்ட வீட்டுக்குத்தான் அக்கா நேர்ல போகணும், 1-க்கு நோட்டீஸ் போதும்.

---

இட்டேரி எழுதியது:

ரொம்ப நன்றிங்கண்ணா. நோட்டீஸ் குடுக்கறப்ப "குத்தறது எப்படி"ன்னு வயசானவங்க கேக்கறாங்க. நாலு சீட்டுல எது எதுன்னு குழப்பம். அதோட தோட்டத்துல இருக்கற பெரியவங்களை ஓட்டன்னிக்கு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வரலாமான்னு பசங்க கேக்கறாங்க.

---

பெருந்துறை அம்மிணி எழுதியது:

ஆட்டோ வைக்காதீங்க தம்பி. ஓட்டர்களை ஏத்தி இறக்க வேட்பாளரோ அவர் ஆளுங்களோ வண்டி ஏற்பாடு பண்றது தேர்தல் முறைகேடு. ஜெயிச்சாலும் வழக்குப் போட்டா பதவிக்கே ஆபத்து. அவங்கவங்க சொந்த வண்டியில போறது, பக்கத்துச் சாளைக்காரங்க நாலு பேர் அவங்களாக் காசு போட்டுப் போறது, இதுல தப்பில்லை. அதைத்தான் அந்த 10 வீட்டுப் பொறுப்பாளர் முன்னாடியே விசாரிச்சு வைக்கணும்: எந்த வீட்டுல நடக்க முடியாதவங்க இருக்காங்க, அவங்க மகனோ பேரனோ அன்னிக்கு எத்தனை மணிக்குப் போறான்.

சீட்டு விஷயத்துக்கு உண்மையிலயே உக்காந்து சொல்லிக் குடுக்கணும். ஊராட்சித் தேர்தல்ல மெஷின் கிடையாது, காகிதச் சீட்டு. 2019-ல தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள், ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, சில இடத்துல நீலம். நாலும் ஒரே சமயத்துல கைக்கு வரும். கட்சிச் சின்னம் பச்சையிலயும் மஞ்சள்லயும் மட்டும்தான் இருக்கும். பழக்கப்பட்ட சின்னத்தை இளஞ்சிவப்புல தேடித் தேடி, காணாம, ரெண்டு மூணு இடத்துல குத்திட்டு வர்றவங்க இருக்காங்க. அந்தச் சீட்டு செல்லாது. "ரோஸ் சீட்டு அக்காவுக்கு, அதுல கட்சிச் சின்னம் இருக்காது"ங்கற ஒரே வாக்கியத்தை 14 பேரும் மாத்தாமச் சொல்லணும்.

செல்லாமப் போறதுக்கு இன்னொரு காரணம், ரெண்டு சின்னத்துக்கு நடுவுல இருக்கற கோட்டு மேல முத்திரை விழறது. முத்திரை முழுசாச் சின்னத்து மேலயே விழணும். பேனாவுல டிக் அடிச்சாலும், கைநாட்டு வெச்சாலும் செல்லாது. குத்தினப்புறம் சீட்டை முதல்ல நெட்டுவாக்குல மடிக்கணும். குறுக்கால மடிச்சா ஈர மை அடுத்த சின்னத்துல ஒட்டிக்கும். ஒட்டினது தலைகீழாத் தெரியும்கறதால அதிகாரி கண்டுபிடிச்சுருவார், ஆனா எண்ணற இடத்துல ஒவ்வொரு சீட்டுக்கும் வாக்குவாதம் நடக்கும்.

இதைச் சொல்லிக் குடுக்கப் பழைய காலண்டர் தாளும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதும். திண்ணையில வெச்சுப் பாட்டிமார் கையாலயே ஒருக்கா குத்தி மடிக்கச் சொல்லுங்க. ரோஸ் தாள்ல அச்சு அசல் ஓட்டுச் சீட்டு மாதிரி அடிச்சுக் குடுக்காதீங்க, எதிர் வேட்பாளர் பேரு சின்னத்தையும் போடாதீங்க.

அந்த 6 பொண்ணுங்களையும் ஒரே குழுவா அனுப்பாம, ஆறு சோடியில ஆளுக்கொண்ணாப் பிரிச்சு விடுங்க. ஆம்பளைங்க மட்டும் போனா வாசல்லயே பேச்சு முடிஞ்சுரும். ஒரு பொண்ணு கூட இருந்தா அடுப்படி வரைக்கும் பேச்சுப் போகும், அந்த வீட்டு மருமக என்ன நினைக்கறான்னும் தெரியும். மீதி இருக்கற ஒரு சோடி ஆம்பளைங்களைத் தறிக் குடோன் பக்கம் விடுங்க.

---

கணக்குப்புள்ளை எழுதியது:

செலவு பத்தி யாரும் பேசலையே. 2019-ல தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. டெபாசிட் தலைவருக்கு 600, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 300. புது அறிவிப்பு வந்ததும் மாத்தம் இருக்கான்னு பாருங்க. முடிவு வந்த 30 நாளைக்குள்ள கணக்கைக் குடுக்கணும். தோத்தவங்களும் குடுக்கணும், குடுக்காட்டி 3 வருஷம் நிக்க முடியாது. தோத்த சோகத்துல விட்டுட்டு அடுத்த தேர்தல்ல மாட்டிக்கறவங்க உண்டு.

உங்களுக்கு எங்க காசு போகும்னா, பெட்ரோல்தான். 7 வண்டி, 10 நாள், நாளைக்கு அரை லிட்டர்னாலே 35 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்குது. நோட்டீஸ் 800 வீட்டுக்கு ரெண்டு சுத்துன்னு 1,600, கையிருப்போட 2,000 அடிங்க. அடிச்ச அச்சகம், வெளியிட்டவர் ரெண்டு பேர் பேரும் முகவரியும் அடியில இல்லாத நோட்டீஸ் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. பசங்களுக்கு வாங்கற டீ, பன்னு, மதியச் சோறு எல்லாம் கணக்குல வரும். 10 ரூபாய்ச் செலவுக்கும் அன்னிக்கே நோட்டுல எழுதுங்க.

நோம்பி நடக்கற கோயில் வாசல்ல நோட்டீஸ் குடுக்கறதும் விதிமீறல். கூட்டம் இருக்கேன்னு போயிராதீங்க.

---

கிளுவைவேலி எழுதியது:

ஓட்டன்னிக்கு என்னங்கறது விட்டுப் போச்சு. 14 பேரையும் பூத்து வாசல்ல நிறுத்தறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அங்க 100 மீட்டருக்குள்ள ஓட்டுக் கேக்கவே கூடாது, நின்னும் பிரயோசனம் இல்லை. பூத்துக்கு ஒரு ஏஜென்ட், அவருக்கு மாத்து ஒருத்தர். ஏஜென்ட் ஓட்டுப்பதிவு தொடங்கறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கணும். பெட்டி காலியா இருக்கறதைக் காட்டறப்ப, சீல் வெக்கறப்ப கண்ணால பார்க்கணும். அவர் பட்டியலை வெளிய கொண்டு வரக் கூடாது, போனும் உள்ள ஆகாது. அதனால யார் வந்தாங்கங்கற கணக்கை வெளிய தனியாத்தான் வைக்கணும்.

வெளிய மேசை எத்தனை தூரத்துலன்னு தேர்தல் நடத்தும் அலுவலர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க. அங்க குடுக்கற பூத் சிலிப்பு வெள்ளைத் தாள்ல இருக்கணும், பேரு, சின்னம் எதுவும் கூடாது. சிலிப்புக் குடுத்ததும் தடத்தாள்ல அந்த எண்ணை அடிச்சுருங்க. 11 மணிக்கு ஒருக்கா, 2 மணிக்கு ஒருக்கா, அடிபடாத 1-ஐ மட்டும் எண்ணி அந்தந்தத் தடத்துப் பொறுப்பாளருக்குப் போன் பண்ணுங்க. பேரைச் சொல்லிக் கேளுங்க, "உங்க பக்கம் இன்னும் ஆறு பேர் வரலை"ன்னு பொதுவாச் சொன்னா வேலைக்காகாது. தோட்டத்துக்காரங்க மாட்டுக்குத் தட்டுப் போட்டு, பாலை ஊத்திட்டு 9 மணிக்கு மேல வருவாங்க. 2 மணிக்கும் வராதவங்க மறந்துட்டாங்கன்னு அர்த்தம். 3 மணிக்கு மேல மாடு கறக்கப் போயிருவாங்க, அப்பக் கூப்பிட்டா வர மாட்டாங்க.

2019-ல ஓட்டுப்பதிவு 5 மணி வரைக்கும். அந்த நேரத்துல வரிசையில நிக்கறவங்களுக்கு டோக்கன் குடுப்பாங்க, கூட்டம் பார்த்துத் திரும்பப் போறவங்களை நிறுத்தி வைக்கறதுக்கு ஒருத்தர் வெளியில இருக்கட்டும்.

எண்ணிக்கை ஒன்றிய அளவுல நடக்கும். நாலு கலர்ச் சீட்டையும் முதல்ல பிரிச்சு எடுக்கறதுக்கே நேரம் ஆகும், 2019-ல எண்ணின முடிவு பல இடத்துல மறுநாள்தான் வந்தது. ஏஜென்ட்டுக்கு ராத்திரிச் சோறும் மாத்து ஆளும் ஏற்பாடு பண்ணிருங்க. முடிஞ்சதும் அந்தத் தடத்தாள் அத்தனையையும் நோட்டோட சேர்த்து அடுப்புல போட்டுருங்க.