அஜந்தா ஓவியக் குகைகளைப் பூட்டிவிடலாமா?

கல்தச்சன்:
போன டிசம்பரில் அஜந்தா போயிருந்தேன். 17-ஆம் குகையில், யசோதரை தன் மகன் ராகுலனைக் கணவர் புத்தர் முன்னால் நிறுத்தும் ஓவியத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனது. உள்ளே ஒரே நெரிசல். ஒருவர் கைபேசி விளக்கைச் சுவருக்கு ஒரு முழத்தில் பிடிக்கிறார், இன்னொருவர் விரலை நீட்டிக்கொண்டு தொடவே போய்விட்டார். எனக்குப் பதறிவிட்டது. ஓவியம் அதிகம் மிஞ்சியிருக்கும் 1, 2, 16, 17 நான்கையும் பூட்டிவிட வேண்டும். இந்த நான்குக்கும் அடிவாரத்திலேயே மாதிரிக் குகைகள் கட்டியிருக்கிறார்கள், அவை போதும். பிரான்சில் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1963-லேயே மூடிவிட்டு, 1983 முதல் நகலைத்தானே காட்டுகிறார்கள்?

தேன்மொழி:
உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் முடிவு தவறு. அந்தச் சுவரில் புத்தர் பிக்ஷைப் பாத்திரத்தோடு ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிறார். கீழே மூலையில் தாயும் பிள்ளையும் அவ்வளவு சின்னதாக. கணவனை அண்ணாந்து பார்க்கும் அவள் கண்ணில் கோபமா, வேண்டுதலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "அப்பாவிடம் உன் பங்கைக் கேள்" என்று பிள்ளையை அனுப்புகிறாள், அவனுக்குக் கிடைத்ததோ துறவு. இதை சிமென்ட் மாதிரியில் பார்த்து என்ன செய்ய?

நகல்களின் கதையையும் பாருங்கள். ஆங்கிலேயப் படை அதிகாரி ராபர்ட் கில் 1844 முதல் ஏறக்குறைய இருபது வருடம் அங்கே கிடந்து பிரதியெடுத்தார். 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி மண்டபத் தீயில் பெரும்பாலானவை சாம்பல். பிறகு பம்பாய் ஓவியப் பள்ளி ஆசிரியர் கிரிஃபித்ஸும் அவருடைய மாணவர்களும் 1872 முதல் 1885 வரை எடுத்ததிலும் பல, லண்டனில் தீக்கிரை. மிஞ்சியது மூலம்தான்.

கல்தச்சன்:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் சாட்சி. மூலம் போனால் பிரதியெடுக்கவும் வழியில்லை. இது ஐரோப்பாவில் ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய ஓவியம் மாதிரி இல்லை. பாறைமேல் உமியும் நாரும் பிசைந்த மண் பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு, அது காய்ந்தபின் பசை கலந்த வண்ணம். மண் ஈரத்தைக் குடிக்கும், வீங்கும், பாறையை விட்டு எழும்பும். உமியையும் நாரையும் பூச்சி தின்னும். அத்தனை பேரின் மூச்சுக்காற்றை அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

வரைபலகை:
தம்பி, முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன். காப்பாற்றப் போனவர்களாலும் அஜந்தாவுக்குச் சேதம் உண்டு. 1920-களில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வரவழைத்த நிபுணர்கள், வண்ணம் உதிராமலிருக்க அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நல்ல எண்ணம்தான். நாளாக ஆக அது மஞ்சளித்து, அழுக்கைப் பிடித்து, ஓவியத்தையே மறைத்தது. அதைச் சுரண்டி எடுக்கத் தொல்லியல் துறை பட்ட பாடு கொஞ்சமல்ல. பூட்டிய குகைக்குள் இப்படி ஒன்று நடந்தால் யார் பார்ப்பது? பத்துப் பத்துப் பேராக விடட்டும், கூடவே ஒரு காவலர்.

கல்தச்சன்:
ஐயா, வார்னிஷ் விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆனால் 10-ஆம் குகையில் 1819-இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் பெயரைக் கீறிவிட்டுப் போனதும், வேட்டைக்கு வந்தவர் உள்ளே வேடிக்கை பார்க்க நுழைந்த இடத்தில்தான். பத்துப் பேர், காவலர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை மாதங்களில் கதவு திறக்கவே கூடாது. கீழே வாகோரா ஆறு பெருகி ஓடும்போது காற்றே சொதசொத என்றிருக்கும்.

தேன்மொழி:
பத்துப் பேர் எனக்கும் சம்மதம். மழைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஊர் ஊராக நடந்த பிக்குகள், மழை மாதங்களில் ஓரிடத்தில் தங்கத்தானே இந்த மாதிரி விகாரங்கள் வந்தன? அந்த மாதங்களில்தான் பூட்டச் சொல்கிறீர்கள். வேண்டுமானால் 17-ஐ மட்டும் பூட்டுங்கள். 1-ஆம் குகையில் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவர் பத்மபாணியின் ஓவியத்தை மழைச் சத்தத்தோடு ஒருமுறை பார்த்தவள் நான், அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.