நோயாளர் தேவையற்ற பரிசோதனையைக் கேட்டு நிற்கும்போது

கேள்வி: குடும்ப வைத்தியர், வெள்ளவத்தை

சென்ற வாரம் 34 வயதான ஒருவர் ஆறு நாள் இடுப்பு வலியோடு வந்தார். காலில் விறைப்போ பலவீனமோ இல்லை. சலம் போவதில் சிக்கல் இல்லை. காய்ச்சலோ உடல் மெலிவோ இல்லை. இத்தகைய வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும், எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம் என்றேன். அவரோ கைத்தொலைபேசியில் யாரோ ஒருவரின் ஸ்கேன் அறிக்கையைப் பெரிதாக்கிக் காட்டி, "காசு பிரச்சினை இல்லை டொக்டர், எதுக்கும் ஒருக்கா எடுத்துப் பார்ப்பம்" என்றார். நான் மறுத்ததும் முகம் வாடி எழுந்துவிட்டார். இன்னொரு வைத்தியரைச் சனல் பண்ணி (காசு கட்டி முன்பதிவு செய்து) எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்திருக்க, நீங்கள் இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

பதில் 1: ஓய்வுபெற்ற பொது வைத்திய நிபுணர்

மறுப்பதற்கு முன்னர், என்ன இருக்குமென்று பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். தலையிடிக்கு சி.ரி. ஸ்கேன் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் நான் அவ்வாறு கேட்டபோதுதான், அவருடைய தமக்கை முந்தைய ஆண்டு மூளைக் கட்டியால் இறந்தது தெரிந்தது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு வீங்கவில்லை, கைகால் பலம் சரியாக இருக்கிறது என்று பார்க்கப் பார்க்கவே வாய்விட்டுச் சொன்னேன். எந்த அறிகுறி தோன்றினால் உடனே வரவேண்டுமென்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனை அதன்பின் அவர் கேட்கவில்லை.

பதில் 2: கதிரியக்க வைத்திய நிபுணர்

ஐயா சொல்வது சரி. ஆயினும் படத்தால் வரக்கூடிய தீங்கையும் சொல்லியாக வேண்டும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகு வலியே இல்லாத 20 வயதினரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பது படத்தில் தெரிகிறது. அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டவர் குனிந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் அஞ்சுகிறார். அசையாமல் கிடப்பதால் வலியும் நீள்கிறது.

பதில் 3: வேறொரு நோயாளியின் தங்கை, கொட்டாஞ்சேனை

நான் வைத்தியர் அல்லள். அக்கா தாமாகவே ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்ய, சூலகப் புற்றுநோயில் கூடக்கூடிய சி.ஏ.125 என்ற புரதம் சற்றுக் கூடியிருந்தது. மாதவிடாய் நாட்களிலும் அது கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று தெரியும்வரை மூன்று வாரம் வீட்டில் எவரும் ஒழுங்காக உறங்கவில்லை. முன்கூட்டியே யாராவது எங்களை உட்காரவைத்துப் பேசியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அவரை அழைத்துப் பேசினேன், நாளை மாலை வருகிறார். தொலைபேசியில் காட்டிய அந்த அறிக்கை யாருடையது என்று அன்று நான் கேட்கவே இல்லை. அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.