கறி விட்டவங்க, பால் விட்டவங்க: எந்த நிமிஷம் இன்னும் மனசுல நிக்குது?

கிளுவவேலி

எங்க ஊர் நாமக்கல் பக்கம். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா, பேரு செவலை. ஆடு கோழி பலிக்கு 1950-லயே தடைச் சட்டம் இருந்துச்சு. 2003-ல அதைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கும். எங்க பூசை நின்னுபோச்சு. 2004-ல சட்டத்தையே நீக்குற வரைக்கும் அவன் எங்க பட்டியிலதான் நின்னான். அந்த மாசங்கள்லதான் என்கிட்ட ஒட்டுனான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா சட்டைப் பையை முட்டுவான், பொரிகடலை இருக்கும்னு தெரியும்.

பூசை அன்னிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. கிடா உடம்பைச் சிலுப்புனாத்தான் வெட்ட சாமி உத்தரவு குடுத்ததா அர்த்தம், அதைத்தான் துலுக்குறதுன்னு சொல்வோம். துலுக்கல. திரும்பத் திரும்பத் தெளிச்சும் துலுக்கல. அரைமணி நேரம் ஆச்சு. அப்பாரு, பங்காளிங்க எல்லாரும் "உத்தரவு குடு சாமி"ன்னு கை கூப்பி நிக்கிறாங்க. எனக்கு அவன் பயந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. "செவலை, வாடா"ன்னு கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பி உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினான். "துலுக்கிருச்சு!"ன்னு கூட்டமே சத்தம் போட்டுச்சு.

ராத்திரி அப்பாரு ஈரலை எடுத்து என் இலையில வெச்சார். அப்போ எனக்கு வயசு 9. அன்னிக்குத் தொடல, இன்னிக்கு வரைக்கும் தொடல.

வரக்காப்பி

எனக்குக் கறி இல்லீங்க, பால். எங்க பசுவோட கன்னு பிறந்த ஆறாம் நாள் செத்துப்போச்சு. தோலை உரிச்சு வைக்கோல் திணிச்சு, பால் கறக்குறப்போ முன்னால நிப்பாட்டுவாங்க. பசு அதை நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். ஒரு நாள் தையல் பிரிஞ்சு வைக்கோல் வெளிய தொங்குச்சு. பசிச்ச மாடு, அந்த வைக்கோல்ல வாய் வைக்கல. சுத்தி இருந்த தோலை மட்டும் நக்கிட்டே இருந்துச்சு.

நான் பாலை விட்டது அதுக்கப்புறம் இருபது வருஷம் கழிச்சு. இப்போ கருப்பட்டி வரக்காப்பிதான். தயிருக்கு நிலக்கடலைப் பால்ல மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கிறேன், புளிப்பு நல்லாவே வருது. யோசிச்சுப் பார்த்தா நம்மாளுங்க அந்தக் காலத்துல காய்கறிதானே சாப்பிட்டாங்க.

சாம்பல்கருவாடு

வரக்காப்பி, "நம்மாளுங்க"ன்னா யாரு? சங்கப் பாட்டுலயே ஊன்சோறு வருது. எங்க வீட்ல காசு இருந்தா மாட்டுக்கறி, இல்லாட்டி கருவாடு. எங்களை வளர்த்த சத்து அதுதான்.

நானும் விட்டு எட்டு வருஷம் ஆச்சு. ஒரு தடவை வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். கறி சாப்பிடுவீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "பார்த்தாலே தெரியுது, சுத்தமா இருக்கீங்க"ன்னாங்க. எனக்கு எங்கம்மா கை கண்ணுல வந்து நின்னுச்சு. கருவாட்டைச் சாம்பல் போட்டு மூணு தண்ணி கழுவுற கை அது. குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். நான் சாப்பிடாம இருக்கிறதை வெச்சு எங்கம்மாவை யாரும் அழுக்குன்னு சொல்ல விடமாட்டேன்.

கேப்பைக்களி

என் கதை சின்னது: ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ பக்கத்துக் கட்டில்காரர் குடுத்த காளான் பிரியாணி. அதோட சரி.

ஆனா இங்க யாருமே சத்தைப் பத்திப் பேசலையே? கறி, மீன், முட்டை, பால் எல்லாத்தையும் விட்டவங்க பி12 மாத்திரை கட்டாயம் எடுங்க. செடி கொடியில நம்பி இருக்கிற மாதிரி அந்தச் சத்து கிடையாது. எனக்கு ரெண்டு வருஷத்துல கால் விரல் மரத்துப்போச்சு, ரத்தம் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. அளவு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பலாக்காயைக் கறி மாதிரியே சமைக்கலாம், வாய்க்கு ருசி. ஆனா புரதம் ரொம்பக் கம்மி. புரதத்துக்கு மீல் மேக்கர், ஊறவைக்காம எடை போட்டா 100 கிராம்ல பாதி புரதம். இல்லாட்டி கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை. கீரை, பயறு சாப்பிடுறப்போ எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, இரும்புச்சத்து உடம்புல சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது தடைபடும். சுண்ணாம்புச்சத்துக்குக் கேப்பை, 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. வரக்காப்பி, கடலைத் தயிர்ல அது அவ்வளவா இல்ல, பார்த்துக்கோங்க.

வரக்காப்பி

சாம்பல்கருவாடு, மன்னிச்சுக்கோங்க. எங்க தெருவை மட்டும் வெச்சுச் சொல்லிட்டேன்.

கிளுவவேலி

நானும் சாப்பிடுறவங்களைத் தப்பு சொல்லல. எங்க வீட்ல இன்னும் கிடா வெட்டுறாங்க, நான் இலை போட்டுப் பரிமாறுறேன். எனக்குன்னு அம்மா அதே மசாலாவுல வாழைக்காய் போட்டுத் தனிச் சட்டியில வைக்கிறாங்க. அன்னிக்கு நான் கூப்பிடாம இருந்திருந்தா செவலை துலுக்கியிருப்பானா, மாட்டானா? அம்மாகிட்ட கூட நான் இதைக் கேட்டதில்லை.