நெற்றி மரத்துப்போன அந்தக் காலை

போன மாசியில் ஒரு நாள், தலை வாரும்போது சீப்பு படுவதே தெரியவில்லை. வலப்பக்க நெற்றி முதல் உச்சி வரை மரத்துக் கிடந்தது. உள்ளே மட்டும் மிளகாய் அரைத்த கைபோல எரிச்சல். பக்கவாதமோ என்று வீட்டுக்காரர் பயந்துவிட்டார். சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், பேச வைத்தார். எல்லாம் சரியாக இருந்தும் உடனே கிளம்பினோம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

டாக்டர் பஞ்சைத் திரித்து நெற்றி, கன்னம், தாடை என்று இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். முகத்தின் தொடு உணர்வுக்கான ஐந்தாம் நரம்பு மூன்று கிளையாகப் பிரியுமாம். எனக்கு மேல் கிளை மட்டும்; மரப்பு நடு நெற்றியைத் தாண்டவே இல்லை. "கொப்புளம் வந்தா உடனே வாங்கம்மா" என்றார். மூன்றாம் நாள் வந்தது, அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி இத்தனை வருஷம் நரம்பில் உறங்கிக் கிடந்திருக்கிறது. குயவர் வீட்டில் அக்கி எழுதிவரலாம் என்றார் அம்மா. முதலில் மாத்திரை என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்தக் கிருமிக்கு எதிரான அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. மூக்கு நுனியிலும் இரண்டு கொப்புளம் இருந்ததால், கண்ணுக்கும் பரவியிருக்கலாம் என்று கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

உங்கள் அனுபவத்தைப் படித்தேன் அக்கா, நானும் "மரத்துப்போச்சு" என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். ஆனால் பஞ்சு பட்டது நன்றாகவே தெரிந்தது. இடது கண்ணை மூடவும் புருவத்தைத் தூக்கவும்தான் முடியவில்லை. முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு வீங்கியிருந்தது, பெல்ஸ் பால்சி. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்குமாம், எனக்கு அதுவும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை, ராத்திரி கண்ணுக்குக் களிம்பு. இரண்டு மாதத்தில் முகம் திரும்பியது. உணர்ச்சி இல்லையா, அசைவு இல்லையா என்று டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

*

உங்கள் இருவருக்கும் போல் இல்லை, எனக்குக் கீழுதடும் தாடையும் மட்டும் மரத்துப்போனது. கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து டீ வழிந்தால்கூடத் தெரியாது. பல் டாக்டர் மரத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, போட்டோ எடுத்து, மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பல் பிடுங்காமலே தாடை மரத்துப்போனால் காரணத்தை விடாமல் தேட வேண்டும் என்றார். எங்கோ உள்ள புற்றுநோய்கூடச் சில சமயம் அப்படித் தலைகாட்டுமாம். எனக்கு இந்த மாதம் கோடு உதட்டோரம் வரை சுருங்கியிருக்கிறது.