மினிமைஸ் செய்தால் வேகமாக ஓடும் டெர்மினல்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கருந்திரை:
டெர்மினலில் (கட்டளை தட்டும் விண்டோ), கோப்புத் தொகுப்பைப் பிரிக்கும் டார் கட்டளையில், பெயர்களைத் திரையில் காட்டும் வி ஆப்ஷனைச் சேர்த்துப் பெரிய தொகுப்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கோப்புப் பெயர்கள் சரசரவென்று ஓடுமே, அதேதான். யதேச்சையாக விண்டோவை மினிமைஸ் செய்தேன், வேலை சட்டென்று முடிந்துவிட்டது. மறுபடி ஓடவிட்டு, எந்த நிரல் சிபியூவை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாப்பைப் பார்த்தால் டார் கீழே எங்கோ கிடக்கிறது. உச்சியில் டெர்மினல், ஒரு சிபியூ கோரை முழுசாகத் தின்றுகொண்டு! அவுட்புட்டை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பி, நேரம் அளக்க முன்னால் டைம் போட்டேன். ரியல் (மொத்தம் ஆன நேரம்) பாதிக்கும் கீழே போய்விட்டது, யூசர் (டார் தன் வேலைக்குச் செலவழித்த சிபியூ நேரம்) கிட்டத்தட்ட அப்படியே. அதாவது, டெர்மினல் எழுத்து வரைந்து முடியட்டும் என்று டார் கைகட்டி நிற்கிறது. இன்னும் மனசு ஒப்பவில்லை.

பைப்மேன்:
எல்லாவற்றுக்கும் டெர்மினலைத் திட்டாதீர்கள். நான் லாக் கோப்பில் புதிதாக விழும் வரிகளை டெயில் எஃப் போட்டு எடுத்து, வேண்டிய வரிகளை மட்டும் சலிக்கும் கிரெப் இரண்டின் வழியாகப் பார்த்தேன். திரையில் ஈ ஆடவில்லை, அப்புறம் திடீரென்று ஒரு குவியல். நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸை முதல் கிரெப்பில் மாட்டினால், ஒவ்வொரு ரைட்டும் (வெளியே எழுதுவதும்) 4096 பைட். டெர்மினலுக்கு என்றால் வரி வரியாகத் தள்ளும் அதே ஜிலிப்சி (நிரல்கள் பயன்படுத்தும் சி லைப்ரரி), பைப் (ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாய்) என்றால் சேர்த்துவைத்துத்தான் தள்ளும். லைன் பஃபர்டு என்ற ஆப்ஷன் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

நள்ளிரவு:
பைப்மேன், நீங்கள் சொல்வது தாமதம், அவர் கேட்பது வேகம். இரண்டையும் குழப்பாதீர்கள். என் கதை சின்னது: ஃபயர்வால் விதிகளைப் பட்டியலிட ஐபிடேபிள்ஸ் எல் போட்டால் ஒரு வரி வந்து மூச்சுவிட்டு அடுத்த வரி. ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் டிஎன்எஸ்ஸில் (முகவரியையும் பெயரையும் பொருத்தும் சேவை) பெயர் தேடியிருக்கிறது. பெயர் தேடாதே என்று சொல்லும் ‘என்’ ஆப்ஷனைச் சேர்த்தேன், பொலபொலவென்று கொட்டியது.

பழையகீபோர்டு:
எனக்கு நெட்வொர்க் டிரைவில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் இழுத்தது. கலர் காட்டுவதற்காக ஒவ்வொரு கோப்பையும் ஸ்டாட் செய்ததுதான் (அதன் விவரம் கேட்டதுதான்) காரணம், நிறத்தை நிறுத்தினேன். அதை விடுங்கள். கருந்திரை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டாம் முறை ஓடும்போது தொகுப்பு ஏற்கெனவே மெமரி கேஷில் இருக்கும், வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டாம். அதனால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு திரைக்கு ஒரு முறை, டெவ் நல்லுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால்தான் டெர்மினல் மேல் பழி. நின்றால் அதே கட்டளையை எக்ஸ்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கே வேகம் என்றால் உங்கள் டெர்மினலின் செட்டிங்கைத் துழாவலாம்: பின்னணி ஒளிபுகும்படி வைத்திருக்கிறீர்களா, லிகேச்சர் (எழுத்துகளை இணைத்து ஒரே வடிவமாகக் காட்டுவது) உள்ள ஃபான்டா, ஸ்க்ரோல்பேக்கை (மேலே உருட்டிப் பார்க்கச் சேமிக்கும் பழைய வரிகளை) எல்லையில்லாமல் விட்டிருக்கிறீர்களா என்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, எது சரிசெய்தது என்று இங்கே வந்து கேட்காதீர்கள். உண்மையில், அத்தனை கோப்புப் பெயரையும் யார் படிக்கப் போகிறார்கள்? அந்த வியை எடுத்துவிடுங்களேன்.